தொப்பை பற்றிய வரி எங்கே?

மதிப்பிற்குரிய 'ஏற்றம்' மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

நமது மின்தூக்கி நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவு மூத்த மேற்பார்வையாளர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நடந்ததெல்லாம் எனக்குத்தான் நடந்தது. தாங்கள் என் தங்கையின் கணவர் என்பதையும், போன ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு என் சாய்வு நாற்காலியிலேயே குறட்டை விட்டீர்கள் என்பதையும் இந்தக் கடிதத்தில் நான் குறிப்பிடப் போவதில்லை. இது முழுக்க முழுக்க அலுவலக முறைப்படியான புகார்.

'அறியாத முகம்' என்ற பக்கத்துக்கு, என்னைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு தகவல் வேண்டும் என்று தாங்கள் கேட்டபோது, என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேஷியர் அம்மா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பாராம், வாசல் காவலாளி தலைகீழாக நின்றுகொண்டே பேப்பர் படிப்பாராம், எல்லோரும் ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி என்று நச்சரித்தீர்கள். பக்கத்தில் இருந்த என் தங்கை சும்மா இருந்தாளா? "எங்க அண்ணன்கிட்ட தெரியாதது என்ன இருக்கு, சட்டையக் கழட்டினா பனியன்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷத்தில்தான் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன்? 'இத்தனை வருடமாக லிஃப்ட் வேலை பார்த்தாலும் நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை. படியேறினால் தொப்பை குறையும் என்பதுதான் காரணம்.' இரண்டே வரி. அதில் இரண்டாவது வரி எங்கே மாப்பிள்ளை? முதலாளியம்மாவின் பிறந்தநாள் படம் பெரிதாக வர வேண்டும், இடம் இல்லை என்று வெட்டிவிட்டீர்கள். அவர் முகத்துக்கு இடம் கொடுத்து என் முகத்தில் கரி பூசிவிட்டீர்கள்.

இதழ் வந்த அன்று காலையிலேயே ஆரம்பித்தது. என் கீழ் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஏறி இறங்கிப் பார்க்கும் சோதனையெல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் கீழே பேனலைப் பார்ப்பேன், பிறகு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறிப் போவேன், அவ்வளவுதான் என் வேலை. இவ்வளவு நாளும் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவர்களில் மூத்தவன் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், எங்களுக்குத் தெரியாத கோளாறு ஏதாச்சும் உங்களுக்குத் தெரியுமா, எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு" என்று கேட்கிறான். கணக்குப் பிரிவு மொத்தமும் அன்றிலிருந்து படியில்தான் போகிறது. தலைமைக் கணக்காளர் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வழியாக யார் போனாலும் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கச்சேரி. என் மனைவி இதழை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். வெட்டுப்பட்ட தொப்பை வரியை அவளுக்கு வாயால் சொன்னேன். "கல்யாணமான புதுசுல எந்தக் கடைக்குப் போனாலும் மாடி மாடியா என்னை நடக்க வச்சீங்களே, படியில போனா பேசிக்கிட்டே போகலாம்னு சொன்னீங்களே, அதுவும் தொப்பைக்குத்தானா?" என்று கேட்டாள். அப்போது எனக்குத் தொப்பையே கிடையாது என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இதழ் வாடிக்கையாளர்களுக்கும் போகிறது என்பதை நீங்கள் எனக்குச் சொன்னீர்களா? நம்முடைய பெரிய வாடிக்கையாளர், அந்தப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு இருக்கிறதே, அதன் செயலாளர் வேலையற்ற மனிதர். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, லிஃப்டுக்குள்ளேயே பொத்தான்களுக்கு மேலே ஒட்டிவிட்டார். ஏறுகிறவர்கள் பொத்தானை அழுத்த வேண்டியது, என் படத்தைப் பார்க்க வேண்டியது, இறங்கிவிட வேண்டியது. எட்டாம் மாடிக்கு வந்த புது சோபா இன்னும் கீழேயே கிடக்கிறதாம், வீட்டுக்காரர் மாலையில் வந்து அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் படியேறுகிறாராம். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்துவிட்டது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்களே போய் எல்லார் முன்னாலயும் ஏறி இறங்கிக் காட்டுங்க. இல்லேன்னா ஓய்வு பெறுற வரைக்கும் கிடங்குல உட்கார்ந்து நட்டு போல்ட்டைப் பாத்துக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலையில் நான் கை வைத்து ஓடாத மோட்டார் உண்டா?

இன்று காலை போனேன். கீழே கூட்டம், அந்த சோபாவில்கூட ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், பழுதில்லை. திரும்பவும் பார்த்தேன், அப்போதும் பழுதில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். பிறகு, மோட்டார் அறையைப் பார்க்காமல் ஏறுவது தொழில் முறையல்ல என்று அறிவித்துவிட்டு மேலே புறப்பட்டேன். பின்னாலிருந்து செயலாளர், "அதுக்கும் படியிலதான் போறீங்க" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. மேலே போய் வந்து, எண்ணெய் ஊற வேண்டும், நாளை காலை கட்டாயம் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எண்ணெய் ஊறுவதாவது, நானே கண்டுபிடித்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழின் முதல் பக்கத்தில், முதலாளியம்மா படத்தைவிடப் பெரிய எழுத்தில், 'மேற்பார்வையாளருக்கு லிஃப்டைக் கண்டால் துளியும் பயமில்லை, தொப்பை ஒன்றே காரணம்' என்று திருத்தம் போட வேண்டும். தவறினால் என் வீட்டுச் சாய்வு நாற்காலியைத் தாங்கள் மறந்துவிடலாம்.

தங்கைக்கும் குழந்தைக்கும் என் அன்பும் ஆசியும். தங்களுக்கான ஆசி திருத்தம் அச்சான பிறகு அனுப்பி வைக்கப்படும்.

இப்படிக்கு,
தங்களால் பிரபலமடைந்த
மூத்த மேற்பார்வையாளர்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, திருத்தம் எதுவும் போட வேண்டாம். நீங்க வெட்டின வரிதான் பொய். இத்தனை வருஷம் படியேறியும் இந்தத் தொப்பை ஒரு விரல்கூடக் குறையலையே, நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க. அந்தக் கதவு மூடினதும் எனக்கு மூச்சு நின்னுடும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், யார்கிட்டயும் சொன்னதில்லை, தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. நாளைக்குக் காலைல நீங்களும் அங்க வந்துடுங்க. பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்ததா சொல்லிக்கிட்டு என்கூடவே லிஃப்டுக்குள்ள ஏறிடுங்க. கேமராவை ஒரு கையில பிடிங்க, இன்னொரு கை எனக்கு வேணும்.