தண்ணி பட்டாலும் பாடுற ரகம்

என் அன்புக்கும், அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காவும் படகும் சுகம். அவ்விடம் நீயும், உன் வீட்டுக்காரியும், உன் தலையில் மிச்சமிருக்கும் முடியும் சுகமாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். போன் பண்ணாமல் கடிதாசி போடுகிறாரே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. ஒன்றும் ஆகவில்லை. என் தொண்டைதான் அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காத்துதான் வருகிறது. "ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, முனகவும் கூடாது" என்று மருந்துக்கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பாதியில் எழுந்து வந்தவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள். உன் அக்காவிடம் மட்டும் சொல்லிக் காட்டாதே.

விஷயம் இதுதான். படகுக்கு ஒரு ஸ்டீரியோ வாங்கவேண்டும். எதை வாங்குவது என்று தெரியாமல் மண்டை காய்கிறது. நீ ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டவன் என்று உன் அக்கா இன்னமும் பெருமை பேசுகிறாள். நீ ரிப்பேர் பண்ணிய எங்கள் வீட்டு ரேடியோ ஒரு அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். என்ன செய்வது, கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. இதற்குமேல் இப்படிப் புஸ்தகத் தமிழில் எழுதினால் கை வலிக்கும். இனிமே பேசுற மாதிரியே எழுதுறேன்.

இந்தப் படகை எதுக்கு வாங்கினேன்னு உனக்குத் தெரியும். லாரி ஓட்டின காலம் பூரா நான் ஒரு ஊர்ல, அவ ஒரு ஊர்ல. என் பக்கத்து சீட்ல கிளீனர் உக்காந்திருக்கான், மூட்டை உக்காந்திருக்கு, ஒரு தடவை யாரோ ஏத்திவிட்ட ஆடுகூட உக்காந்து வந்திருக்கு, உன் அக்கா மட்டும் ஒரு நாள் உக்காந்ததில்ல. வண்டியை விட்டு எறங்கினதும் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு எங்கயாச்சும் போகணும்னு தோணுச்சு. ரோட்டைப் பாத்தாலே எனக்கு வெறுப்பு, அதான் ஏரியில படகு. பழசுதான். ஆனா மேல கூரை இருக்கு, மெத்தை வெச்ச சீட்டு ரெண்டு பக்கமும் இருக்கு, பின்னாடி சின்னதா ஒரு எஞ்சின் இருக்கு. அக்கரையில மரத்தடியில ஒரு டீக்கடை இருக்கு. அவளோட அங்க போய் ஆளுக்கு ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பணும். என் ஆசை இவ்வளவுதான், கப்பல்ல உலகம் சுத்தணும்னா கேட்டேன்?

மொத நாள் ஏறினா, இல்லேன்னு சொல்லல. நல்ல செருப்பு போட்டுக்கிட்டு, தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கிட்டு, ராணி மாதிரி உக்காந்தா. எனக்குச் சந்தோஷம் தாங்கல. எஞ்சினைக் கிளப்பினதும் லாரியில பாடுற மாதிரியே வாய்விட்டு ஒரு பாட்டை எடுத்தேன். கரையில இருந்த கொக்கெல்லாம் பறந்துச்சு, பாக்க அவ்வளவு அழகு. பாதி ஏரிகூடத் தாண்டியிருக்க மாட்டோம், உன் அக்கா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "திருப்புங்க, கரைக்குத் திருப்புங்க, இந்தச் சத்தத்தை என்னால தாங்க முடியாது"ன்னா. பாவம், தண்ணி வந்து படகு அடியில சளார் சளார்னு அறையுது இல்லையா, அது அவளுக்கு ஆகல. கூட எஞ்சின் வேற. அன்னிக்கு எறங்கினவதான். படகுத்துறை வரைக்கும் வருவா, அங்க இருக்கற பெஞ்சுல உக்காந்து பின்னல் போடுவா, நான் தனியா ஒரு சுத்து சுத்திட்டு வரணும். "எந்தச் சத்தம்டி, எஞ்சினா தண்ணியா?"ன்னு கேட்டா, "உங்களுக்கே தெரியும்"னு சொல்லிட்டு ஊசியைப் பாப்பா. எனக்குத் தெரியும்தான், அதனாலதான் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து சைலன்சரை மாத்தினேன். படகைச் சுத்தி ரப்பர் அடிச்சேன். ஒண்ணும் நடக்கல.

அப்பதான் ஒரு நாள் வெள்ளையா ஒரு படகு என்னைத் தாண்டிப் போச்சு. உள்ள ஸ்டீரியோ பாடுது. அதுல ஒரு அம்மா, உன் அக்கா வயசுதான் இருக்கும், தாளம் போட்டுக்கிட்டுப் போறாங்க. எனக்குப் பளிச்சுனு விளங்கிடுச்சு. நல்ல ஸ்டீரியோவா ஒண்ணு வெச்சா அந்தப் பாழாப்போன சத்தம் உன் அக்கா காதுல விழாது, அவ ஏறிடுவா. உடனே கடைக்குப் போனேன்.

கடையில ஒரு பொண்ணு நின்னுச்சு. ஸ்டீரியோன்னு சொன்னதுக்கே கேள்வியா கேக்குது. கூரை உள்ள படகா, தெறந்த படகா? உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? எத்தனை வாட்? ஸ்பீக்கர் ரெண்டா, நாலா? என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட உங்க அப்பா என்னை இவ்வளவு கேள்வி கேக்கல. கேட்டிருக்கணும்னு உன் அக்கா சொல்றா, அது வேற விஷயம்.

"வீட்ல வெக்கிறது வேற, படகுல வெக்கிறது வேற, ஐயா. இது தண்ணி பட்டாலும் பாடுற ரகம்"னு ஒண்ணை எடுத்துக் காமிச்சுது.

"தண்ணிக்குள்ளயே விழுந்துட்டா?"

"கொஞ்ச நேரம் தாங்கும். பாடும்."

"உள்ள யாரும்மா கேப்பா, மீனுங்களா? அதுங்களுக்குப் புடிச்ச பாட்டும் சேத்துப் போட்டுத் தருவியா?"ன்னேன். சிரிக்கல. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேலை நேரத்துல சிரிக்கக் கூடாதுன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

"எவ்வளவு சத்தத்தை மறைக்கணும்? அதைச் சொன்னாதான் வாட் சொல்ல முடியும்"னுச்சு. நியாயமான கேள்வி. சத்தத்தை வாயால எப்படிச் சொல்றது? அதனால நடுக்கடையில நின்னு, எஞ்சின் எப்படி உறுமும்னு உறுமிக் காமிச்சேன், தண்ணி எப்படி அறையும்னு அறைஞ்சு காமிச்சேன், படகுல நடக்கறது நடக்கறபடியே தெரியட்டும்னு கூடவே ரெண்டு வரி பாடியும் காமிச்சேன். ஹெட்போன் பாத்துட்டிருந்த ஒருத்தர் அதைக் காதுல மாட்டிக்கிட்டே வெளியே போயிட்டார். அந்தப் பொண்ணு வாயைத் தெறந்தபடி நின்னுச்சு. அப்புறம் ரொம்ப மரியாதையா, "ஐயா, உங்களுக்கு இருக்கறதுலயே பெருசு வேணும்"னுச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. ஒண்ணை எடுத்துக் குடுத்து, வெச்சுப் பாத்துட்டுப் புடிக்கலேன்னா திருப்பிக் குடுங்கன்னு சொல்லி அனுப்புச்சு.

அதைத் தூக்கிட்டு மெக்கானிக்கிட்ட போனேன். நாங்க எல்லாரும் அவனை ஸ்பேனர்னுதான் கூப்பிடுவோம், அவன் பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுறா. அவன் அதைப் பாத்ததும் தலையில கை வெச்சான். "பெருசு, இது பாடினா பேட்டரி பூரா குடிச்சிடும். நடு ஏரியில எஞ்சின் கிளம்பாது. பாட்டு கேட்டுக்கிட்டே கையால துழாவி வருவியா? ரெண்டாவது பேட்டரி வேணும்"னான். சரி, போடுடான்னேன். போட்டான். வெக்க எடம் ஒரு பக்கம்தான் இருந்துச்சு, வெச்சதும் படகு அந்தப் பக்கமா சாஞ்சு நின்னுச்சு, யாரோ கூப்பிட்டா தலையைச் சாச்சுக் கேக்கற மாதிரி.

"எதிர்ப் பக்கம் கனமா யாராச்சும் உக்காந்தா நேராயிடும்"னான்.

"யாருடா உக்காருவா?"

"அக்காவை உக்கார வை."

இப்ப நீயே யோசிச்சுப் பாரு மச்சான். ஸ்டீரியோ இருந்தாதான் உன் அக்கா ஏறுவா. உன் அக்கா ஏறினாதான் படகு நேரா நிக்கும். படகு நேரா நின்னாதான் ஸ்டீரியோவை நம்பி வெக்க முடியும். நான் இதைக் காலையில மொதல்லேருந்து யோசிப்பேன், சாயந்திரம் கடைசிலேருந்து யோசிப்பேன், ரெண்டு பக்கத்துலேருந்தும் உன் அக்காகிட்டதான் வந்து முட்டிக்கிறேன். கல்யாணத்துலேருந்து அப்படித்தான், இருந்தாலும் இதுக்கு ஒரு வழி இருக்கணும் இல்ல?

சரி, சாஞ்சாலும் பரவாயில்ல, ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம்னு மறுநாள் விடியக்காலம் கெளம்பினேன். பெஞ்சுல உன் அக்கா வழக்கம்போல பின்னல். ஏரி பூரா பனிமூட்டம், மூக்கு நுனிகூடத் தெரியல. எனக்கென்ன பயம், படகுல தெசை காட்டுற முள்ளு ஒண்ணு இருக்கே. அதுக்குப் பக்கத்துலதான் ஸ்பேனர் ஸ்பீக்கரை அழகா முடுக்கியிருந்தான். ஸ்டீரியோவைப் போட்டேன், அது பாட, நான் அதைவிடப் பெருசா பாட, முள்ளைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன். முள்ளுன்னா முள்ளு, அப்படி ஒரு முள்ளு! கொஞ்சம்கூட அசையல. நேராதான் போறே, நேராதான் போறேன்னு சத்தியம் பண்ணுது. ரொம்ப நேரம் கழிச்சு முன்னால கரை தெரிஞ்சுச்சு, ஒரு பெஞ்சு தெரிஞ்சுச்சு, பெஞ்சுல ஒரு பொம்பளை. அக்கரைக்கு வந்து சேந்துட்டோம்னு எனக்கு ஒரே பெருமை. கிட்ட போய்ப் பாத்தா உன் அக்கா!

"அடியே, எனக்கு முன்னாடி நீ எப்படி இங்க வந்தே?"ன்னு கேட்டேன்.

உன் அக்கா பின்னலைக் கீழ வெச்சா. "நான் எங்கயும் போகல. நீங்கதான் ரெண்டு தடவை சுத்தி வந்தீங்க. மூட்டத்துல படகு தெரியல, ஆனா எங்க இருக்கீங்கன்னு நல்லா தெரிஞ்சுது"ன்னா.

ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்காமே! முள்ளு வடக்கைப் பாக்கறதை விட்டுட்டு ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு நின்னிருக்கு. சாஞ்ச படகு வட்டம் போட்டிருக்கு. இதை ஸ்பேனர் சிரிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் சொன்னான்.

அதெல்லாம் போகட்டும். "ஸ்டீரியோ எப்படி? அந்தச் சத்தம் மறைஞ்சுதா?"ன்னு உன் அக்காகிட்ட ஆசையா கேட்டேன். "இதைவிடப் பெருசு வாங்கினாலும் பத்தாதுங்க"ன்னா. அந்த வார்த்தையைச் சொல்லிட்டு எனக்கு டீ ஊத்திக் குடுத்தா, அதுலதான் எனக்கு இன்னும் கொழப்பம். பனியில பாடினதுல அன்னிக்கே தொண்டை போயிடுச்சு. ஸ்டீரியோவைக் கழட்டிக் கடையில குடுத்தாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட பேச முடியாம கையை விரிச்சுக் காமிச்சேன், அதுக்கு மொத தடவையா சிரிப்பு வந்துச்சு.

ஆக, நீ சொல்ல வேண்டியது: இருக்கறதுலயே பெருசே பத்தாதுன்னா அதைவிடப் பெருசு எங்க கெடைக்கும்? அதை எங்க வெச்சா முள்ளு கெடாது? இல்ல, உன் அக்கா காதுல வெக்கப் பஞ்சு வாங்கினா போதுமா? நல்லா யோசிச்சு எழுது. முடிஞ்சா நீயே வந்து அவகிட்ட பேசு, நீ சொன்னா கேப்பா. ஒரே ஒரு தடவை அவ ஏறி என் பக்கத்துல உக்காந்து அக்கரைக்கு வந்துட்டா போதும், உன் பழைய ரேடியோ விஷயத்தை நான் சாகற வரைக்கும் எடுக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு. உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், உன்னை மாதிரி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, பதில் போட்டால்.

இப்படிக்கு,
வாயடைத்துப் போன உன் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை வாங்காம நாலு நாள் இந்தக் கடிதாசி மேசைமேலயே கெடந்துச்சு, நல்லதாப் போச்சு. கவரைப் பிரிச்சு எழுதுறேன். மேலே கேட்டது எதுக்கும் பதில் போடாதே. நான் எழுதி முடிச்ச அன்னிக்கே உன் அக்கா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வந்து, "வாங்க, படகுல போலாம்"னா. எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்டீரியோ இல்ல. காத்து வேற பலமா அடிக்குது, தண்ணி முன்னைவிட மோசமா அறையுது. அவ பாட்டுக்கு ஏறி உக்காந்தா. பேட்டரி ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், படகு கோடு கிழிச்ச மாதிரி நேரா போகுது. நான் தண்ணியைக் காமிச்சேன், எஞ்சினைக் காமிச்சேன், காதைக் காமிச்சேன், கையால என்னன்னு கேட்டேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "தண்ணி என்னங்க பண்ணுச்சு, எஞ்சின் என்னங்க பண்ணுச்சு? நீங்க லாரியில தெருமுனை திரும்பறப்பவே ஹாரனுக்கு முன்னாடி உங்க குரல்தான் வரும். வீடுன்னா கதவைச் சாத்திக்குவேன். படகுல நான் எந்தக் கதவைச் சாத்தறது?"ன்னா. மச்சான், ஊரையே கொழப்பின அந்தச் சத்தம் நான்தானாம்! அக்கரையில டீ குடிச்சோம். "இவருக்குத் தொண்டை கட்டியிருக்கு"ன்னு டீக்கடைக்காரர்கிட்ட சொன்னா, சொன்ன விதத்துல ஒரு சொட்டு வருத்தம் இல்ல. திரும்பி வர்றப்ப, நான் சும்மா இருக்கற தைரியத்துல, அவளே மெதுவா ஒரு பாட்டை முணுமுணுத்தா. இத்தனை வருஷத்துல நான் அதைக் கேட்டதே இல்ல. எப்படிக் கேக்கும், நான் நிறுத்தினாதானே? அன்னிலேருந்து தெனமும் அவளே மொதல்ல போய்ப் படகுல உக்காந்துக்குறா.

இப்ப சொல்லப் போறது உனக்கும் எனக்கும் மட்டும். தொண்டை முந்தாநாளே சரியாயிடுச்சு. மணி மாதிரி வருது. யாருக்கும் தெரியாது, வீட்ல இன்னும் கையைக் காலை ஆட்டித்தான் சோறு கேக்குறேன். தயவுசெஞ்சு போன் மட்டும் பண்ணிடாதே, பழக்கத்துல எடுத்து "என்ன மச்சான்"னு கத்தித் தொலைச்சுடுவேன். ஆனா ஒரு மனுஷன் எவ்வளவு நாள் பாடாம இருக்க முடியும்? நான் சாத்திக்கிட்டுப் பாடறதுக்குக் கதவுன்னு ஒண்ணு இருக்கறது குளியலறையிலதான். அதனால மேலே எழுதினதுல ஸ்டீரியோ ஒண்ணை மட்டும் அனுப்பிடு. படகுக்கு இல்ல. தண்ணி பட்டாலும் பாடுற ரகமா, இருக்கறதுலயே பெருசா பாத்து அனுப்பு.