கடல் திருப்பித் தந்த பொங்கல்

ஒன்பதாம் வகுப்புக்குக் கடலலைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். கரையோரம் விட்ட பொருளை அலை கரைக்கே கொண்டுவந்துவிடும் என்பதை முப்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மாணவர்கள் நம்புவார்கள். அவர்கள் நேரில் பார்த்தவர்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊருக்கு எனக்கு மாற்றல் வந்த வருடம் அது. மகள் கோமதிக்கு ஏழு வயது. ஊர் பிடிக்கவில்லை, பள்ளி பிடிக்கவில்லை, உப்புக்காற்றில் முறுக்கு நமத்துப்போவதும் பிடிக்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது சிறுவீட்டுப் பொங்கலுக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அது பெண்பிள்ளைகளின் சொந்தப் பொங்கல். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்கள். அதையே வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை மாதம் ஒரு குட்டி மண்வீடு கட்டிப் பொங்கலிட்டு, பொங்கலையும் வறட்டிகளையும் ஆற்றில் விடுவார்கள்.

“எம்மா, இங்கன ஆறு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“அதான் கடல் இருக்குல்லா? எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்” என்றேன். (இந்த வாக்கியத்தை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் விடுவதாக இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டி, வாழைமட்டையில் பொங்கலும் வறட்டியும் வைத்துக் கிளம்பினேன். என் கணவர் கைப்பேசியில் படம் பிடித்தபடி வந்தார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பிலோமினா அக்கா தடுத்துப் பார்த்தார்.

“டீச்சர், அலை பெருசா கெடக்கு. எங்க வீட்டு ஆளு கோயில்லேருந்து வரட்டும்.”

“நான் தாமிரபரணியில நீந்தி வளந்தவ அக்கா.”

முதல் தடவை விட்டேன். மட்டை பத்தடி போய், திரும்பி என் காலடிக்கே வந்தது. முழங்கால் ஆழத்துக்குப் போய் விட்டேன். அப்போதும் வந்தது. மூன்றாவது தடவை இடுப்பளவு தண்ணீரில் நின்று முழு பலத்தோடு தள்ளினேன். இந்த முறை மட்டையோடு நானும் கரைக்கு வந்து சேர்ந்தேன். தலையில் சர்க்கரைப் பொங்கல், புடவைக் கொசுவத்தில் வறட்டி. மணலில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு, “டீச்சர், அடுத்தது வருது” என்று அக்கறையாகச் சொன்னது.

கோமதி மட்டும் சிரிக்கவில்லை. “நாம இங்கன வந்தது சாமிக்குப் பிடிக்கலம்மா. அதான் போவ மாட்டேங்கு” என்றாள். ஆற்றைப் பற்றிய திமிரில் குழந்தையின் பொங்கலைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிலோமினா அக்கா அவளைத் தூக்கிக்கொண்டார். “அப்பிடி இல்ல மக்கா. கடலு கரையில நின்னு குடுத்தா வாங்காது. உள்ள போயிக் குடுக்கணும்.”

அவர் கணவர் சூசை அண்ணாச்சி கோயில் சட்டையோடு வந்தார். நடந்ததைக் கேட்டும் சிரிக்காத பெரிய மனிதர். நனைந்த வறட்டிகளைப் பொறுக்கி, பானையில் மிச்சமிருந்த பொங்கலை மட்டையில் வழித்து வைத்தோம். அண்ணாச்சி செருப்பைக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அதை இரண்டு கையாலும் வாங்கித் தன் மீன்பிடிப் படகில் ஏறினார். அலைகளைத் தாண்டிப் போய் விட்டுவிட்டு வந்தார்.

“போயிட்டா மாமா?” என்றாள் கோமதி.

“போயிட்டு மக்கா. திரும்பிக்கூடப் பாக்கல.”

அன்றைக்குத்தான் அவள் அந்த ஊர்க்காரியானாள்.

இரண்டு வருடத்தில் எனக்குக் கல்லிடைக்குறிச்சிக்கே மாற்றல் கிடைத்தது. அந்தத் தையில் படித்துறையில் நின்று மட்டையை விட்டோம். ஆறு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனது. கோமதி உதட்டைப் பிதுக்கினாள். “இவ்வளவுதானா? சூசை மாமா இல்லாம நல்லாவே இல்ல” என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு தையிலும் மண்வீட்டுப் பொங்கலை மடியில் வைத்துக்கொண்டு கடலுக்குப் பஸ் ஏறுகிறோம். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் என் கணவர் ஜன்னல் வழியாகத் தாமிரபரணியைக் காட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்: “இங்கனயே விட்ருவமா? எல்லாத் தண்ணியும் ஒண்ணுதானே?”