கணக்கு சார் காலியான விவகாரம்

அன்புக்கும் தற்சமயம் கோபத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. "ஆவல் இருக்கிறவன் என் பொண்ணுக்கு ஒரு மாறுதல் வாங்கித் தர மாட்டானா?" என்று நீ காகிதத்தைப் பார்த்தே கேட்பாய். கேள், தாராளமாகக் கேள். போனில்தான் உன்னைப் பிடிக்க முடியவில்லையே. நான் கூப்பிட்டால் அத்தான் எடுத்து, "அக்கா குளிக்கிறாப்பா" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிட்டது, நீ இன்னும் குளித்து முடித்தபாடில்லை. அதனால்தான் சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல், இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. உன் மகளுக்கு மாறுதல் கிடைக்காமல் போனதற்கு நான் காரணமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

"என் தம்பி கல்வி ஆபீஸ்ல பெரிய ஆளு, அவன் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்று நீ தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். நான் கையெழுத்துப் போடுவது உண்மைதான். அது போதாது என்பதும் உண்மை. எங்கள் பிரிவுக்கு முன்பு பணியாளர் பிரிவு என்று பெயர். திடீரென்று ஒருநாள் பலகையைக் கழற்றிவிட்டு மனிதவளப் பிரிவு என்று மாட்டினார்கள். அன்றிலிருந்து மனிதர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வளத்தைத்தான் காணோம். கால் ஆடுகிற ஒரு மேஜை, வேகத்தைக் குறைக்கவே முடியாத ஒரு மின்விசிறி. மேஜையில் வைக்கிற மனுவெல்லாம் பறந்து பக்கத்துப் பிரிவில் போய் விழுகிறது. அவர்கள் அதற்கு ஒரு எண் போட்டு, "நடவடிக்கைக்காக" என்று எனக்கே திருப்பி அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு ஆசிரியர் வந்து, மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கே தன்னையும் மாற்றச் சொல்லிக் கண்கலங்கினார். அவர் படியிறங்கியதும் அந்த மனைவி வந்தார். "அந்த மனுஷன் எந்த ஸ்கூலுக்கு வேணா போகட்டும் சார், என் ஸ்கூலுக்கு மட்டும் வந்துடக் கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் யாருக்கு நல்லவன் ஆவது, சொல்லு? இன்னொருத்தருக்கு வகுப்பறை ஜன்னல் வழியாக மாமியார் வீடு தெரிகிறதாம், அதனால் மாறுதல் வேண்டுமாம். ஜன்னலை மூடுங்கள் என்றேன். மூடினாலும் இருக்கிறது தெரிகிறது சார் என்கிறார். இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரி, "ஊர்ல இருக்கிற வாத்தியார எல்லாம் மாத்துறீங்க, நம்ம வீட்டுக் கொழாய்க்கு ஒரு வாஷர் மாத்த முடியல" என்கிறாள். எங்கேயும் எனக்கு நிம்மதி இல்லை அக்கா.

இந்த லட்சணத்தில்தான் உன் மகளின் மனுவை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாவட்டத்தின் கடைக்கோடியில், பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று பஸ்காரனுக்கே தெரியாத இடத்தில், வாடகை அறையில் கிடந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நீயும் அத்தானும் பேச ஆளில்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? உன் வீட்டு மாடியில் நின்றால் மணியடிப்பது கேட்கும் அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன். வந்தது. அங்கே இருக்கிற கணக்கு சார், பிள்ளைகள் "மைனஸ்" என்று கூப்பிடுகிற மனிதர், வேறு பள்ளிக்கு மாறுதல் கேட்டிருந்தார். யாரும் தன்னை மதிப்பதில்லை, ஆசிரியர் அறையில் தான் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது என்று அவருக்குக் குறை. அவர் மாறுதலைக் கையோடு முடித்தேன். அந்த இடத்துக்கு உன் மகள் பெயரை வைத்து, இயக்குநர் மேஜைக்கும் அனுப்பிவிட்டேன். எங்கள் இயக்குநரை நாங்கள் "பார்க்கலாம்" என்போம். தலை போகிற விஷயமானாலும் அவர் வாயில் வருவது அது ஒன்றுதான். அவரே இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்தாச்சு" என்றார் அக்கா! அத்தானிடம் உடனே சொன்னேன். "ஆர்டர் கையில வரட்டும், அப்புறம் அவன்கிட்ட பேசறேன்" என்று நீ சொன்னதாகச் சொன்னார். மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மகளுக்கென்று மேஜையும் வாங்கிப் போட்டுவிட்டாய் என்றும் சொன்னார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல!

அங்கேதான் வந்தது வினை. என் பிரிவு எழுத்தரை உனக்குத் தெரியாது. அவருக்கு "சுருக்கம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தை ஒரு வரியாக்குவார், ஒரு வரியை ஒரு சொல்லாக்குவார். "மேற்படி பள்ளியில் கணக்கு ஆசிரியர் மாறுதலில் செல்வதால் அப்பணியிடம் காலியாகிறது, தலைமையாசிரியை அவரை விடுவிக்க உடனே ஆவன செய்யவும்" என்று நான் வாயால் சொல்ல, அந்தத் தலைமையாசிரியையின் வாட்ஸப்புக்கு என் போனிலிருந்து அவர் அடித்தார். இயக்குநர் கூப்பிட்ட அவசரத்தில் நான் படித்துப் பார்க்கவில்லை. அவர் அனுப்பியது இதுதான்: "கணக்கு சார் காலி. உடனே ஆவன செய்யவும்."

எங்களுக்குக் காலி என்றால் பணியிடம். நாங்கள் நாள் முழுக்க, தமிழ் காலி, அறிவியல் காலி, ஓவியம் ரொம்ப வருஷமாகக் காலி என்றுதான் பேசிக்கொள்வோம். தலைமையாசிரியைக்குக் காலி என்றால் ஆளே காலி. அதிலும் நம்ம மைனஸ் அப்போது பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று மெடிக்கல் லீவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். போனை அணைத்து வைத்திருந்தார். அந்த அம்மா மேலிடத்து உத்தரவென்றால் ஒரு எழுத்துக்கூட மீறாதவர். உடனே ஆவன செய்துவிட்டார். குரூப் போட்டோவிலிருந்து மைனஸை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, தோளில் இன்னொருத்தர் கையோடு சேர்த்தே சட்டம் போட்டு, பூ வைத்து, பள்ளி மொத்தத்தையும் திரட்டி இரங்கல் கூட்டம்.

இதற்குள் மைனஸை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அலமாரியில் இருக்கும் தன் குடையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவர் பள்ளிக்குள் நுழைந்திருக்கிறார். எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக நிற்கிறார்கள். மரியாதை தெரிந்த மனிதர், பின்வரிசையில் தானும் தலைகுனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் நின்ற மாணவியிடம் மெதுவாக, "யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "நீங்கதான் சார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். ஆனாலும் அந்தப் பெண் சமர்த்து, அலறவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். மைனஸும் மேடைக்குப் போகாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார். ஏன் என்று கேள். மேடையில் அப்போது விளையாட்டு ஆசிரியர் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார். "என் பீரியட எல்லாம் புடுங்கிக்கிட்டுப் போய் கணக்கு நடத்துவாரு சார். எத்தனை சண்டை போட்டிருக்கேன். இனிமே எங்கிட்ட யாரு வந்து புடுங்குவா?" என்று குலுங்கினார். அடுத்து ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வந்து, "சார் மார்க்க கொறைச்சுக்கிட்டேதான் இருப்பாரு. ஆனா எங்க தப்புன்னு புரியற வரைக்கும் நம்மள விட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்கிவிட்டது. தலைமையாசிரியை, "அவர் ரூமுக்குள்ள வந்தா நாங்க பேச்ச நிறுத்திடுவோம், அது மரியாதையில" என்றாராம். மைனஸ் தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதற்கப்புறம் அவர் வெளியே வந்ததையும், தலைமையாசிரியை மயங்கியதையும், விளையாட்டு ஆசிரியர் சுவரேறிக் குதித்ததையும் நான் எழுதப் போவதில்லை, எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை, நான் கதவைத் திறக்கும் முன்பே, வயிற்றில் பிளாஸ்திரியோடு மைனஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என் மாறுதல ரத்து பண்ணுங்க சார்."

"சார், நீங்கதானே சார் வருஷக்கணக்கா வேணும் வேணும்னு நின்னீங்க?"

"அப்ப எனக்குத் தெரியாது சார். நான் செத்தா இத்தனை பேரு அழுவாங்கன்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்கு மனு போடறேன்?"

நான் விடவில்லை அக்கா. உனக்காக அந்த மனிதரின் காலில் விழாத குறை. புதுப் பள்ளியில் காற்று நல்லா வரும் என்றேன். அங்கே பிள்ளைகள் இன்னும் நன்றாக அழுவார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களால முடியும் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளியிலிருந்து விடுவிக்கப்படும் முன் மாறுதலைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது, அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. விதிப்படி நான் எழுதினேன். அவர் இடம் அவருக்கே போயிற்று, உன் மகளுக்கு இடமில்லை. மேலே கேட்டதற்கு இயக்குநர், "பார்க்கலாம்" என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

இதோடு போயிற்றா? காலி என்ற சொல்லையே இனி யாரும் எழுதக் கூடாது என்று பிரிவில் தடை போட்டேன். சுருக்கம் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் வேறொரு பள்ளிக்கு, "அறிவியல் டீச்சர் இப்போது இல்லை" என்று அனுப்பிவிட்டார். நல்ல வேளை, அந்த டீச்சரே போனை எடுத்து, "நான் இருக்கேன் சார்" என்றார். இதற்கிடையில் தலைமை அலுவலகத்திலிருந்து, "காலமானதாக அஞ்சலி செலுத்தப்பட்டவர் எந்த விதியின் கீழ் பணியில் நீடிக்கிறார்?" என்று என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். உயிரோடிருக்கிறார் என்ற விதியின் கீழ் என்று எழுதினேன். விதி எண் குறிப்பிடவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஊரில் உள்ள குடும்பத்தையெல்லாம் அங்கும் இங்கும் சேர்த்து வைக்கிறேன், பிரித்து வைக்கிறேன், சொந்த அக்கா மகளை அவள் அம்மாவிடம் கொண்டுவந்து சேர்க்கத் துப்பில்லை. நீ வெள்ளையடித்த அந்த அறையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நீயே சொல்லு. நேரம் சரியில்லை என்பதைத் தவிர நான் என்ன செய்தேன்? இனி எந்த மாறுதலும் உடனே வருவதற்கில்லை. ஆனால் அது வரும்வரை நீ என்னோடு பேசாமல் இருந்தால் நான் தாங்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், முட்டிவலிக்கு மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லவும். உனக்கும் அதே மாத்திரைதான், நீயும் போடவும். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு,

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் சமயத்தில் உன் மகள் வந்தாள். இப்போதுதான் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அக்கா, மேலே எழுதியது அத்தனையும் பொய். கணக்கு சார் தன் பாட்டுக்குப் போவதாகத்தான் இருந்தார், நான்தான் பிடித்து நிறுத்தினேன். மாறுதலைக் கெடுத்தது நான்தான். உன் மகளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "அம்மா அழுதாங்கன்னுதான் மாமா மனு போட்டேன், எனக்கு அங்கேயே இருக்கணும்" என்று அவள் சொல்லவே இல்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக் கேட்கவும் இல்லை. பேனாவில் எழுதித் தொலைத்துவிட்டேன், அடித்தாலும் தெரியும், நீ பார்க்காத மாதிரி இரு. பின்னம் என்றாலே பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது அவளை வீட்டுக்கே அனுப்பாமல் சந்தேகம் கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தோடு அவள் அங்கேயே இருக்கட்டும் அக்கா. உன்னை விட்டு இருப்பதற்காக அவள் அழவும் செய்தாள், அதை வேண்டுமானால் நம்பு, அது மட்டும் நிஜம். விடுமுறை முழுக்க உன்னோடுதான் இருப்பாள், அந்த அறையில்தான் படுப்பாள். அவளை ஒன்றும் கேட்காதே. கேட்பதையெல்லாம் என்னைக் கேள், திட்டுவதையெல்லாம் என்னைத் திட்டு. கடிதத்தில் வேண்டாம், போன் பண்ணித் திட்டு. எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன்.