தானாக மேடேறும் கார்

அந்த வட்டாரத்தில் பார்க்க ஓர் ஏரியும் நானூறு வருடக் கோட்டையும் உண்டு. ஏரிக்கு ஐந்து நிமிடம் கொடுத்தோம், கோட்டைக்கு மூன்று. (என் கடிகாரம் மெதுவாக ஓடும், நான்காகவும் இருக்கலாம்.) கூட்டமெல்லாம் கோட்டைக்குப் பின்னாலிருந்த தார்ச்சாலையில். நல்லவர்கள் உட்கார்ந்தால், எஞ்சினை அணைத்த கார் தானாக மேடேறுமாம். கெட்டவர்கள் உட்கார்ந்தால் பின்னால் உருளுமாம். தீர்ப்பு சொல்ல ஒரு மகான், கையில் விசிலோடு. அருளுக்கு விசில் எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. இரு வீட்டாரும் பழகட்டுமென்று மாப்பிள்ளையின் காரிலேயே சுற்றிப் பார்க்க வந்திருந்தோம்.

மாப்பிள்ளையின் அம்மா காணிக்கை போட்டுவிட்டு ஏறினார். மகான் வெள்ளைக்கோட்டில் நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளை நியூட்ரலில் போட, கார் பூனை போல மேடேறியது. அடுத்தது அக்கா.

“என் குணத்துக்கு நான் டிக்கெட் வாங்கணுமா?” என்று காணிக்கை போட மறுத்தாள். மகான் புன்னகைத்தார். பத்தடி பின்னால், சிவப்புக் கல்லருகே நிறுத்தச் சொன்னார். கார் பின்னால் உருண்டது.

இரண்டு தடவையும் ஸ்டியரிங்கில் இருந்தவர் மாப்பிள்ளை. பாவம் மட்டும் அக்காவுடையது.

“சம்பந்தி, இதை நாம கொஞ்சம் யோசிக்கணும்” என்றார் அவருடைய அம்மா. எங்கள் அம்மாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை செல்போனில் ஏதோ தேடினார்.

நான் மாலை வகுப்பில் நில அளவை படிக்கிறேன். பையிலிருந்த ரசமட்டத்தை வெள்ளைக்கோட்டில் வைத்தேன். மேடாகத் தெரிந்தது பள்ளமென்று குமிழ் காட்டியது. பக்கத்து மலையின் சரிவு கண்ணை ஏமாற்றுகிறது. என்மேல் நம்பிக்கையின்றி மூன்று முறை திருப்பி வைத்தேன். சிவப்புக் கல்லருகே நிஜமான மேடு. எல்லோருக்கும் புரியட்டுமென்று வெள்ளைக்கோட்டில் தண்ணீர் ஊற்றினேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

“பாத்தீங்களா, தண்ணிகூட அருளுக்குக் கட்டுப்பட்டு மேல ஏறுது” என்றார் மகான். கூட்டம் கைகூப்பியது. காணிக்கைத் தட்டு நிறைந்தது.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். “சாமி, உங்களைவிட நல்லவங்க இங்க யாரு இருக்காங்க? நீங்க உக்காருங்க. அதே செவப்புக் கல்லுகிட்ட.”

மகானுக்குத் திடீரென்று முழங்கால் வலி. பக்தகோடிகளே அன்போடு தூக்கி உள்ளே வைத்தார்கள். மாப்பிள்ளை பிரேக்கை விட்டார். மகான் பின்னால் உருண்டார். விசில் ஊதியும் நிற்கவில்லை. பிறகு அக்கா காணிக்கையில்லாமலே வெள்ளைக்கோட்டில் உட்கார்ந்தாள். கார் ‘ஏறியது’. தட்டிலிருந்து அவரவர் காசை எடுக்க நடந்த தள்ளுமுள்ளில் மகானைக் காணோம். முழங்கால் சரியாகியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா குழைந்தார். “அப்ப தேதி குறிச்சிடலாமா, சம்பந்தி?”

“யோசிக்கணும்னு சொன்னீங்களே அத்தை, இப்ப நான் யோசிக்கிறேன்” என்றாள் அக்கா. “காரைத்தான் நியூட்ரல்ல போடச் சொன்னாங்க. உங்க பையன் வாயையும் சேத்துப் போட்டுட்டாரு.”

திரும்பும்போது நாங்கள் பஸ்ஸில் வந்தோம். இன்றைய குறிப்பு: நியூட்ரலில் போட்ட கார் பள்ளத்துக்குத்தான் போகும், பார்ப்பவர்களுக்கு மேடேறுவது போலவே தெரியும். நியூட்ரலில் போட்ட மூளையும் அப்படித்தான்.