மூன்று கொம்பு டைனோசரின் காலடிக் கல்

எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த உண்மை எனக்கே தெரியவந்தது, பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்றுதான்.

அப்போது சென்னையில் கப்பலேறி அந்தமானின் மாயாபந்தருக்கு வந்து எட்டு மாதம். அரசாங்க குமாஸ்தா வேலை, சித்தப்பா வீட்டில் சாப்பாடு. பார்சலில் டைனோசர் மாடல் வரவழைத்து ஒட்டுவது பொழுதுபோக்கு. டைனோசரை எவனும் ஒட்டிவிடுவான். என் கெத்தெல்லாம் அதன் காலடியில் வரும் பிளாஸ்டிக் பாறையில்தான். அடுக்கடுக்காகக் கோடு இருந்தால் மணற்பாறை, வெடிப்பு விட்டிருந்தால் காய்ந்த சேறு, ஓட்டை ஓட்டையாக இருந்தால் எரிமலைக் குழம்பு என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்வேன். (படித்ததெல்லாம் செல்போனில். அதுவும் டவர் கிடைத்த நேரத்தில்.)

மூன்று கொம்பு டைனோசரின் பாறை மட்டும் வழியிலேயே நொறுங்கி வந்தது. கடற்கரையில் தேடினேன். ஓட்டை ஓட்டையாக ஒரு வெளுத்த கல் கிடந்தது. ஆகா, எரிமலைக் கல்! கறுப்புப் பெயிண்ட் அடித்து, டைனோசரை அதன்மேல் ஒட்டி ஷோகேஸில் நிறுத்தினேன்.

தேன்மொழியை ஒரு கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே தீவில் ரங்கத் என்ற ஊரில் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர். சித்தப்பா தூது போனதில், அவள் அப்பா வீடு பார்க்க வந்தார். ஜீப்பில் இடம் இருக்கிறதென்று அவளும் வந்துவிட்டாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா," என்று சித்தப்பா காலையிலிருந்தே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவள் அப்பா ஷோகேஸ் முன்னால் நின்று, "யே க்யா ஹை, தம்பி?" என்றார். இது என்ன என்று கேட்டது அவ்வளவுதான். நான் கால் மணி நேரம் பேசினேன். கடைசியாக மூன்று கொம்பை அவர் கையில் கொடுத்தேன்.

"இது அசல் எரிமலைக் குழம்பு சார். இங்க கடற்கரையிலதான் எடுத்தேன். உள்ள இருந்த வாயு வெளிய வந்த ஓட்டைதான் இதெல்லாம்."

அவர் கல்லைத் திருப்பினார். அடியில் பெயிண்ட் படாத இடம் பல்லிளித்தது.

"நல்லா தெரியுமா?"

"சந்தேகமே இல்ல சார்."

தேன்மொழி எழுந்து உள்ளே போனாள். அரை மூடி எலுமிச்சம்பழத்தோடு வந்து, வெள்ளையாக இருந்த இடத்தில் பிழிந்தாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"எரிமலைக் கல்லு இப்படி நுரைக்காதுங்க. இது பவளப்பாறை."

"முப்பது வருஷம் ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்ல இருந்தேன் தம்பி," என்றார் அவள் அப்பா. "கப்பல் ஜெட்டியில டூரிஸ்ட் பையிலேர்ந்து இதைத்தான் பிடுங்கிப் போடுவேன். கரையிலேர்ந்து எடுக்கக் கூடாது, கேஸ் ஆயிடும். தெரிஞ்சு எடுத்தீங்களா, தெரியாமயா?"

தெரிந்து என்றால் நான் திருடன். தெரியாமல் என்றால் கால் மணி நேரம் அளந்ததெல்லாம் புளுகு. சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். தேன்மொழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

"தெரியாம எடுத்துட்டேங்க. எனக்குக் கல்லைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

"டீக் ஹை, பரவாயில்ல. சலோ, எடுத்த இடத்துலயே போட்டுட்டு வருவோம்," என்றார் அவர்.

எல்லாரும் ஜீப்பில் ஏறினோம். கரையில் டைனோசரைப் பிய்த்தபோது உடம்பு என் கையோடு வந்தது. நான்கு பாதங்களும் கல்லிலேயே நின்றன. பாதத்தையும் பெயிண்டையும் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்றார் அவர். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் குத்தவைத்து, ஜீப் சாவியால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். பாதி வேலையில் தேன்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னொரு சாவியால் மறுபக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவிடம் தேதி பற்றிப் பேசத் தொடங்கினார்.

பாதமில்லாத அந்த டைனோசர் இன்றும் எங்கள் ஷோகேஸில் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், சமையலறையிலிருந்து தேன்மொழியின் குரல் வரும்: "எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வரவா?"

நேற்று ராத்திரி, மறுநாள் கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும், சந்தேகமே இல்லை என்றேன். தேன்மொழி வாயைத் திறப்பதற்குள், எங்கள் நான்கு வயது மகள் போய் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டாள்.