சனிக்கிழமைத் திருத்தம்

"மாட்டுக்குக் கொம்பு கொஞ்சம் கோணையா இருக்குது தம்பி. மாத்தீரு" என்றார் நாச்சிமுத்து.

"செரிங்க" என்றான் மகுடீஸ்வரன்.

வேலந்தாவளத்தில் தீவனக் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்துதான் அவனுடைய முதல் வாடிக்கையாளர். கடைக்காகச் செய்யும் செல்போன் ஆப்பை அவர் ஏற்றுக்கொண்டால் சொந்தக் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பூட்டிவிட்டுப் பழையபடி பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதலில் பழைய முறையில்தான் செய்தான். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஆறு மாதம் கதவடைத்து உட்கார்ந்து, முழுசாக முடித்துக் கொண்டுபோய்க் காட்டினான். "நான் இதையா கேட்டேன்?" என்றார் மனுஷன்.

சரியென்று கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து புது முறையைப் படித்தான். கொஞ்சம் செய், காட்டு, திருத்து, மறுபடி காட்டு. அதை அவருக்கும் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"அட, நல்ல முறையா இருக்குதே! சனிக்கெழமையானா ஊட்டுக்கு வந்துரு."

ஆப்பின் பச்சை நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார். மஞ்சளாக்கினான். மஞ்சளில் எழுத்துத் தெரியவில்லையாம். பெரிதாக்கினான். எழுத்து முகப்பிலிருந்த மாட்டுப் படத்தை மறைத்தது. மாட்டை நகர்த்தி வைத்தால், இப்போது கொம்பு கோணல்! ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வந்துதான் அடுத்த குறையைச் சொல்வார். இவனும் பல்லைக் கடித்துக்கொண்டு "செரிங்க" என்பான்.

இன்றைக்கும் உள்ளே போய்விட்டு வந்தார். "கொம்பு கெடக்குது உடு. மொதல்ல இருந்த பச்சையே போட்டுரு தம்பி."

அவ்வளவுதான்.

"முடியாதுங்க!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "கடைக்கு வேணுங்கறது அத்தனையும் இதுல இருக்குது. இனி ஒரு புள்ளி மாத்த மாட்டேன். புடிச்சா வெச்சுக்கோங்க, இல்லீன்னா நான் பெங்களூருக்கே போறேன்!"

நாச்சிமுத்து வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி துளசிமணி காப்பியோடு முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"ஆப்பெல்லாம் மொத வாரமே செரியாப் போச்சுங்க தம்பி. ஒரே நாள்ல மாப்பிள்ள பாத்து முடிக்கற பழைய முறை வேண்டாம், உங்க புது முறையாட்ட வாராவாரம் பாத்துத்தான் சொல்லுவேன்னு உள்ள இருக்கற எங்க புள்ள அடம் புடிச்சா. எல்லாத்துக்கும் தலையாட்டற ஆளு வேண்டாமுன்னுட்டே இருந்தவ, இப்பத்தான் சம்மதஞ் சொன்னா!"