நாடு சரிவந்துவிட்டதா என்று ஒரு வரி

பலெர்மோ, இத்தாலி,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை.

கொழும்புத் திறைசேரியில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் பிரணவனுக்கு, தாய்மாமன் தில்லையம்பலம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் முழங்காலும் ஒருவாறு சுகம். அவ்விடம் நீரும், உமது தாயாரும், நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

நான் அனுப்பிய குரல்பதிவுகளை நீர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பங்குனியிலிருந்து பதினேழு பதிவு அனுப்பினேன், ஒன்றுக்கும் நீலக்கோடு விழவில்லை. நீளம்தான் காரணமென்றால், ஒரு நாட்டின் வரிக்கொள்கையைப் பதினொரு நிமிடத்துக்குள் எந்த மனிதனால் சொல்லி முடிக்க முடியும்? ஆகவே கடதாசியில் எழுதுகிறேன். அடுத்த மாதம் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப் போகிறார்களாம். அதற்கு முன் என் ஆலோசனைகள் உமது மேசைக்கு வந்துவிட வேண்டும்.

விஷயத்தை அடியிலிருந்து சொல்கிறேன். 2022 ஆடி மாதம் நான் ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தது உமக்கு நினைவிருக்கும். பத்தொன்பது வருடம் பிறர் வீட்டு நிலம் துடைத்தது போதும் என்று பெட்டியும் கட்டிவிட்டேன். சித்திரையில் நாடு கடன் கட்ட வழியில்லை என்று கையை விரித்தது. வைகாசியில் உமது மாமி சந்திரமதி காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றபடி எனக்குப் போன் எடுத்தாள். "இப்ப வராதேங்கோ. இஞ்சை காஸும் இல்லை, கறண்டும் இல்லை. நாடு சரிவரட்டும், பிறகு பாப்பம்" என்றாள். நான் பெட்டியை அவிழ்த்தேன். அந்த உத்தரவு இன்றுவரை வாபஸ் வாங்கப்படவில்லை.

நாடு சரிவந்துவிட்டதா என்று ஒரு மனிதன் எப்படி அறிந்துகொள்வது? மாமியிடம் கேட்டால் "ஓம், இருக்கிறம்" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. கனடாவிலுள்ள மகளைக் கேட்டால் "அம்மாட்டைக் கேளுங்கோ அப்பா" என்பாள். வேறு வழியில்லாமல் மத்திய வங்கியின் அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். மரக்கறி விலை இறங்கினால் மாமி இரண்டு கறி வைக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன், மீன் விலை ஏறினால் அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்காது. பால்மா தட்டுப்பாடு என்று படித்த அன்றே முப்பது பைக்கற் பால்மா வாங்கிக் கப்பல் பெட்டியில் போட்டேன். பெட்டி எட்டு மாதம் கடலில் உலாத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது யாழ்ப்பாணத்தில் கடைக்குக் கடை பால்மா அடுக்கிக் கிடந்ததாம். "இவ்வளவு மாவையும் நான் என்ன செய்ய, குளிக்கவோ?" என்று மாமி கேட்டாள். மூன்று வருடத்தில் அவள் என்னோடு கதைத்த ஆக நீளமான கதை அதுதான்.

பெற்றோல் வரிசை முடியவேண்டுமென்று இவ்வூரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து பெல்லெக்ரினோ மலை முழுவதும் வெறுங்காலோடு ஏறினேன். கூட வந்த மன்னார்ப் பெடியன் பேனாட், "என்ன அண்ணை, முழங்கால் சுகப்படவோ நேர்த்தி?" என்று கேட்டான். பெற்றோலுக்கு என்றேன். அவன் இரண்டு படி தள்ளி ஏறத் தொடங்கினான். இருந்தாலும் நல்ல பிள்ளை, தன் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய அன்று, கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் தான் வேலை செய்யும் மீன் உணவகத்தில் விருந்து வைத்து என்னையும் கூப்பிட்டான். மூத்தவர், இரண்டு வார்த்தை வாழ்த்திச் சொல்லுங்கோ என்று மைக்கையும் தந்தான். பிள்ளையை வாழ்த்திவிட்டு, அவள் வளரப்போகும் காலத்தில் தாய்நாட்டின் கடன் மறுசீரமைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று சுருக்கமாகத்தான் விளக்கினேன். கணவாய்ப் பொரியல் ஆறிப்போனது, பிள்ளை மேசையில் தலைவைத்து நித்திரையாகிவிட்டாள். பேனாட்டின் மனிசி றம்யா மைக்கை வாங்கியபடி, "அண்ணை, உங்களுக்கு வீட்டிலை கதைக்க ஆள் இல்லையோ?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வந்த பஸ்ஸில் என் பக்கத்து ஆசனம் காலியாகவே வந்தது. அன்றிலிருந்து சென்ட்ராலே ஸ்ரேசனடியில் எங்கள் ஆட்கள் என்னைக் கண்டால் போன் வந்தமாதிரிக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

மிஞ்சியிருப்பது நான் வேலை பார்க்கும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா ஒருத்திதான். போர்கோ வெக்கியோவில் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில், எண்பத்தொன்பது வயதான அந்த மனுஷியைப் பார்த்துக்கொண்டு, குசினிக்குப் பக்கத்து அறையில் படுக்கிறேன். காலையில் கோப்பி கொடுக்கும்போது அவவுக்கு நாட்டு நிலவரம் சொல்வேன். கேட்பா, பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்பா, இதுவரை ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. போன மாதம் மட்டும், வளர்ச்சி வீதம் ஐந்தைத் தொட்டுவிட்டது, வாகன இறக்குமதிக்கும் தடை நீங்கிவிட்டது என்று சொல்லி முடித்ததும் கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப உன்ரை நாடு சுகமாயிட்டுது. நீ எப்ப போறாய்?" என்று தன் பாஷையில் கேட்டா.

மருமகன், நான் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். உண்மையில் என்னிடம் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. பெற்றோல் வரிசை முடியட்டும் என்றிருந்தேன், முடிந்தது. கறண்ட் வரட்டும் என்றிருந்தேன், வந்தது. டொலர் இறங்கட்டும் என்றேன், அதுவும் ஓரளவு இறங்கிவிட்டது. அன்று பின்னேரமே உட்கார்ந்து தேடி, அரச கூட்டுத்தாபனங்களின் நட்டத்தைக் கண்டுபிடித்துச் சிஞ்ஞோராவுக்குச் சொன்ன பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. நட்டம் இருக்கும்வரை நாடு சரிவந்ததாகச் சொல்ல முடியாதல்லவா?

ஆலோசனைகளுக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து எவ்வளவு டொலர் வந்தது என்று மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறீர்கள், நல்லது. அனுப்பினவன் ஆரோடு சாப்பிட்டான் என்று அதில் ஒரு நிரல் சேர்க்க இடமிருக்கிறதா என்று பார்க்கவும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களுக்காக, பெயர் எழுதிய மட்டை பிடித்து நிற்க அரச செலவில் ஒரு ஆளை நியமிக்கலாம், பெரிய செலவு வராது. யாழ்தேவி ரயிலில் முதியோருக்கு யன்னலோரம் ஒதுக்கலாம். பெருந்தெருக்களுக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்குவதில் ஒரு துளி எடுத்து, வருடக்கணக்காகப் பிரிந்திருக்கும் புருஷன் பெண்சாதிமார் முதலில் என்ன கதைப்பது என்று சொல்லித்தர ஒரு திணைக்களம் வைத்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஏனென்றால், இதை உம்மிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அது தெரியவில்லை. வரட்டோ என்று நானே அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால், இப்பவும் வராதேங்கோ என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே உம்மிடம் ஒரேயொரு உதவி. திறைசேரியின் கடிதத் தலைப்பில், நாடு சரிவந்துவிட்டது, தில்லையம்பலம் வரலாம் என்று ஒரு வரி எழுதி, கீழே முத்திரை குத்தி மாமியின் மானிப்பாய் விலாசத்துக்கு அனுப்பிவிடும். உத்தியோகபூர்வமாக வந்தால் மாமியும் மறுக்க மாட்டாள். அதுவரை, அதாவது வரவுசெலவுத் திட்டம் நிறைவேறிப் பற்றாக்குறை ஒரு ஒழுங்குக்கு வரும்வரை, நான் இங்கிருந்து அசைவதாக இல்லை. இதில் எனக்குக் கொள்கை முக்கியம்.

உமக்குச் சீக்கிரம் பதவி உயர்வும், அதற்குப் பிறகு ஒரு நல்ல இடத்துச் சம்பந்தமும் கூடிவரவேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். மூட்டுவலித் தைலம் அடுத்த பெட்டியில் வரும் என்று சொல்லவும்.

என்றும் உமது நன்மையையும் தேசத்தின் நன்மையையும் விரும்பும்,
மாமா தில்லையம்பலம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. மாமி. தானாக அவள் எடுத்து வருடக்கணக்காகிறது. நான் பதறிப்போய், "என்ன, நாட்டுக்கு ஏதும் நடந்திட்டுதோ?" என்றேன். "நாட்டுக்கு ஒண்டும் இல்லையப்பா. எனக்குத்தான் தனிய இருக்க ஏலாமக் கிடக்கு. எப்ப வாறியள்?" என்றாள். மூன்றரை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. என் பாழாய்ப்போன வாய் பழக்கதோஷத்தில், "பட்ஜெட் முடியட்டும், பாப்பம்" என்றது. "சரி" என்று வைத்துவிட்டாள். ஏழுதரம் திருப்பி எடுத்தேன், எடுக்கிறாளில்லை. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடும். கூட்டுத்தாபனங்கள் நட்டத்திலேயே கிடக்கட்டும். வேலையை விடுவதாகச் சிஞ்ஞோராவின் மகளிடம் சொல்லிவிட்டேன், வருகிற திங்கட்கிழமைக்குப் பிளேன் ரிக்கற்றும் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் உமது கைக்கு வர மூன்று கிழமை ஆகும் என்று தபாற்கந்தோரில் சொல்கிறார்கள். கடிதம் முந்தினால் உடனே மாமிக்குப் போன் எடுத்து, மாமா வாறார் என்று சொல்லும். நான் முந்தினால் இதைப் படிக்காமல் கிழித்துப் போடும்.